பேச்சியின் சான்றிதழ்களும் என் முழு மதிப்பெண்ணும்

1

கோவில்பட்டியில் ஆஸ்பத்திரி நடத்தும் அண்ணாச்சி, என் தங்கச்சி பேச்சியம்மாளின் நர்சிங் சான்றிதழ்களை நீங்கள் திருடி வைத்திருக்கிறீர்கள்.

திருட்டு என்ற சொல் உங்களுக்குக் கசக்கும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பீர்கள். உடையவள் வாசலில் வந்து நின்று கேட்ட பிறகும் கொடுக்காமல் வைத்திருப்பதற்கு என் தமிழில் வேறு சொல் இல்லை. உங்கள் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் போட வேண்டாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். போடவில்லை. நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

பேச்சி என் கூடப்பிறந்தவள். தங்கச்சிக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று நாளைக்கு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். ஆமாம், அதற்குத்தான் வந்திருக்கிறேன்.

என்னையும் உங்களுக்குத் தெரியும். குளத்தூர்க்காரன். உப்பளத்துக்குப் போகாத நாளில் உளுந்தும், உளுந்து காய்ந்த நாளில் உப்பளமுமாக ஓடிய குடும்பம். ஆம்பிளை நர்ஸ். வார்டில் 'பிரதர்' என்பார்கள், ஊரில் 'கம்பவுண்டர்' என்பார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் 'மெடிக்கல் லைன்' என்று சொல்லிச் சமாளித்தார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஊசி போடப் பழகினேன். இப்போது அயர்லாந்தில் மேற்குக் கடலோரமாக ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே பெய்யும் மழைக்குக் கணக்கே கிடையாது. அப்பா போனில் பேசினால் முதல் கேள்வி, "அங்கன மழை உண்டுமா?" என்பதுதான். உண்டு என்றால் கொஞ்ச நேரம் பேச மாட்டார். நான் ஏதோ மழையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஒரு மௌனம்.

2

எங்கள் வார்டுக்கு நோரா என்று ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். நோயாளிக்காக வாய் திறந்து பேசுவதைப் பற்றி நர்சுகள் மனதில் என்ன நினைக்கிறார்கள், அந்த நினைப்பை எப்படி அளப்பது என்பது அவருடைய வேலை. ரத்த அழுத்தத்தை அளக்கலாம், சர்க்கரையை அளக்கலாம், நர்சின் தைரியத்தையும் அளக்க ஒரு தாள் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தாளில் வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். முழுமையாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை. உங்கள் மனதில் பட்டதைக் குறியுங்கள், இதில் சரியான விடை என்று ஒன்று கிடையாது என்றார் நோரா. சரியான விடை இல்லாத வினாத்தாளை எங்கள் பக்கத்தில் யாரும் மெனக்கெட்டு அச்சடிக்க மாட்டார்கள். ஆகவே நான் அதை நம்பவில்லை. பக்கத்தில் இருந்த கோட்டயத்துப் பெண்ணும் நம்பவில்லை. மதுரைக்காரி ஒருத்தி நேரடியாக என் தாளைப் பார்த்தே குறித்தாள். ஐரிஷ் நர்சுகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து யோசித்து, சிலதைப் பார்த்துச் சிரித்துக் குறித்தார்கள். நாங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக 'முழுமையாக உடன்படுகிறேன்' போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

தாளில் பெயர் எழுதக் கூடாது என்று மூன்று இடத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் மேலே பெயரும் பதிவு எண்ணும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துப் போடாத தாளை யார் மதிப்பார்கள்?

அதனால் வந்த வினை. தாளை வாங்கி அடுக்கிய வார்டு மேற்பார்வையாளர் அம்மா என் பெயரைப் பார்த்திருக்கிறார். முதல் பக்கம் முழுக்க நோயாளியின் உரிமைக்காக நான் உயிரையே கொடுப்பேன் என்கிற மாதிரி குறிகள். அவர் புல்லரித்துப்போய், ஆஸ்பத்திரியில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு திட்டத்துக்கு எங்கள் வார்டின் ஆளாக என்னைப் போட்டுவிட்டார். 'நோயாளியின் குரல்' என்று ஒரு பேட்ஜ். பச்சை நிறம். எந்த நோயாளிக்கும் கேட்கத் தயங்கும் விஷயம் இருந்தால் என்னிடம் சொல்லலாம், நான் போய் டாக்டரிடம் கேட்பேன்.

யார்? டாக்டர் உள்ளே வந்தால் இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற நான். இங்கே யாரும் எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். முட்டிக்குத் தெரியாது. முதல் நாள் நான் எழுந்தபோது அந்த டாக்டரம்மா, இடம் கொடுக்கிறேன் என்று நினைத்து நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டார். இன்னொரு நாள், முதுகு வலியா, பிசியோதெரபிக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இல்லாத முதுகுவலிக்குப் போய் இரண்டு முறை குப்புறப் படுத்துவிட்டு வந்தேன்.

பேட்ஜோடு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். பேச்சி மட்டும் ஒன்றும் போடவில்லை.

3

பேச்சி ஏன் ஒன்றும் போடவில்லை என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி, உங்களுக்குத் தெரிந்த கதை. இருந்தாலும் படியுங்கள்.

நம் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் அன்று அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொள்வார்கள். 'பார்த்துட்டுத் தாரோம்' என்பார்கள். உங்கள் ஆபீசில் சாமி படங்களுக்குக் கீழே இருக்கிற இரும்பு பீரோவுக்குள் அவை போகும். பிறகு யாரும் கேட்பதில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அது ஒரு வழக்கம். வேலையை விட்டுப் போவதானால் உங்கள் மனம் கனிய வேண்டும்.

என்னுடையவை வெளியே வந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீங்கள் ஒரு இனிப்புப் பெட்டியோடு கையில் கொடுத்து, நல்லா இரு தம்பி என்றீர்கள். என் சேவையை மதித்தார் என்று அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் மாமனார் உங்கள் தீப்பெட்டிக் கம்பெனிக்குத் தன் சொந்த லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார், முந்தின நாள் உங்களைப் பார்த்துக் காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பேச்சியின் மாமனாருக்கு லாரி இல்லை. எப்போதும்வென்றான் ஊரில் அவருக்கு இருப்பது கொஞ்சம் கரிசலும் இரண்டு எருமைகளும்.

தை கழிந்து வந்த மாதத்தில் பெண்கள் வார்டில் ஒரு அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். புதியம்புத்தூரில் ரெடிமேட் யூனிட்டில் காலர் தைப்பவர். மாதக்கணக்காக ரத்தப்போக்கு. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மறுநாள் காலையில் ஆப்பரேஷன். அவர் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்து எப்படி வாங்குவோம் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோட்டில் நர்ஸ் விரலை வைக்கிறாளோ அந்தக் கோட்டில் விழும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. படித்தாலும் ஆங்கிலம்.

சாயங்காலம் பேச்சி அவரை ஆப்பரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது அந்த அம்மா, எப்போது திரும்ப மிஷினில் உட்காரலாம், அந்தக் கட்டி மறுபடி வளருமா என்று கேட்டிருக்கிறார். மறுபடி வளருவதற்கு அங்கே ஒன்றும் இருக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை என்று பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கட்டிய மட்டும் இல்லக்கா, கர்ப்பப்பையையே எடுக்கப் போறாவ. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறாள்.

சொல்லவில்லை. கணவருக்கும் தெரியவில்லை. பேச்சி போய் டூட்டி டாக்டரிடம், அந்த அம்மாவுக்கு விவரம் தெரியவில்லை, ஒருக்கா வந்து சொல்லுங்க சார் என்று கேட்டாள். நீ என்ன டாக்டரா என்று பதில் வந்தது. விடிந்ததும் அந்த அம்மா, நான் யோசிக்கணும் என்று சொல்லி, என் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். திருநெல்வேலியில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டினார். முதலில் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், கேட்கவில்லையென்றால் பிறகு ஆப்பரேஷன் என்று அங்கே சொல்லி, இரண்டையும் விளக்கியிருக்கிறார்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்.

ஆப்பரேஷன் தேவையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம். தன் உடம்பிலிருந்து எதை எடுக்கிறார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சி சொன்னது. இதை எழுதலாமா என்று அந்த அம்மாவிடமும் கேட்டேன். பேரைப் போட்டாலும் போட்டுக்கோ தம்பி என்றார். நான்தான் போடவில்லை.

மறுநாள் பேச்சியை வர வேண்டாம் என்றீர்கள். சரி, உங்கள் ஆஸ்பத்திரி. ஆனால் சான்றிதழைக் கேட்டதற்கு ஒரு நிபந்தனை போட்டீர்கள். 'தவறான தகவல் சொல்லி நோயாளியைப் பயமுறுத்திவிட்டேன், மன்னிக்கவும்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் சான்றிதழ்.

அசல் இல்லாமல் வேறு ஆஸ்பத்திரி எதுவும் அவளைச் சேர்க்கவில்லை. அரசு வேலைக்குச் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். ஜெராக்ஸோடு போனாள். அசலோடு வாம்மா, இன்னொரு தடவைதான் கூப்பிடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்தால் மாற்றுச் சான்றிதழ் வாங்கலாமாம். தொலையவில்லையே! எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியும். பொய்யை எழுதி மெய்யான சான்றிதழை வாங்க அவளுக்கு மனமில்லை.

4

பேட்ஜ் வாங்கிய வாரத்தில் எனக்கும் ரோஷம் வந்தது. நோயாளியின் குரலாக இருப்பவன் தங்கச்சியின் குரலாக ஒரு போன்கூடப் போடாவிட்டால் எப்படி? டூட்டி முடிந்து வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் உங்களைக் கூப்பிட்டேன். என்ன பேச வேண்டும் என்று காரிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். சட்டம், உரிமை, போலீஸ் என்று மூன்று சொற்களும் எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

நீங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

"தம்பியா? சொகமா இருக்கியளா? பிள்ள எத்தனாவது படிக்கா? அங்கன குளிரு சாஸ்தியாமே, ஒடம்பப் பாத்துக்கிடுங்க."

நான் பேச்சியின் பெயரைச் சொன்னேன்.

"அவ நம்ம பிள்ளல்லா. சர்ட்டிபிகேட்ட நாங்க என்ன திங்கவா செய்யுதோம்? பத்திரமா இருக்கு. ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க, தம்பி. டாக்டருமாருக்கு நான் பதில் சொல்லணும்லா. எழுதுனது என்ன, நோட்டீஸ் அடிச்சு ஒட்டவா போறேன்? பீரோக்குள்ளதான் கெடக்கும்."

சட்டம் வரவில்லை. உரிமை வரவில்லை. போலீஸ் வரவே இல்லை. "சரிங்க அண்ணாச்சி," என்றேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், பேச்சு முழுக்க நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்திருந்த என் மகள் யாழினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரைத் தமிழில் வைத்ததோடு எங்கள் கடமை முடிந்துவிட்டது. தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் ஆங்கிலம்தான் வரும். அது யார், உங்கள் ஹெட்மாஸ்டரா என்று கேட்டாள்.

அடுத்து நான் செய்த காரியம் அதைவிட அழகு. பேச்சியைக் கூப்பிட்டு, எழுதிக் கொடுத்துவிடு என்றேன். ஒரு வரிதானே, யார் பார்க்கப் போகிறார்கள், சான்றிதழைக் கையில் வாங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சியின் வசனத்தையே அவளிடம் ஒப்பித்தேன்.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன்ணே, நீ அங்கன பேட்ஜக் குத்திக்கிட்டுத் திரியுத. இங்கன என்னைய மன்னிப்பு எழுதச் சொல்லுத. நல்லாருக்குல்லா?" என்றாள்.

"ஏட்டி, உன் நல்லதுக்குச் சொல்லுதேன்."

"நான் எழுதிக் குடுத்தா, அந்த அக்காகிட்ட நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும். நாளைக்கு அவிய யார நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவாவ?"

கடைசியில், நீ என்னவோ செய் என்று கோபப்பட்டு வைத்துவிட்டேன். பதில் இல்லாதவன் கோபப்படுவது எங்கள் குடும்ப வழக்கம். அப்பாவிடமிருந்து வந்தது.

5

இதற்கிடையில் நோரா திரும்பி வந்தார். என் தாளில் ஒரு சிக்கல் என்றார். திட்டவில்லை. இங்கே யாரும் திட்டுவதில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரியே உயிரை எடுப்பார்கள்.

தாளில் பாதி வாக்கியங்களைத் தலைகீழாக எழுதியிருக்கிறார்களாம். படித்துத்தான் குறிக்கிறார்களா என்று பார்க்க. 'நோயாளிக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தால் நர்ஸ் பேச வேண்டும்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதற்கு நான் முழுமையாக உடன்பட்டிருக்கிறேன். 'டாக்டர் முடிவு செய்த பிறகு நர்ஸ் குறுக்கே பேசக் கூடாது' என்று இன்னோரிடத்தில். அதற்கும் முழுமையாக உடன்பட்டிருக்கிறேன். இரண்டில் எது உங்கள் கருத்து என்று கேட்டார்.

அம்மா, இரண்டும் என் கருத்துதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் அப்படித்தான் வளர்ந்தேன். தாளில் கேட்டால் பேச வேண்டும், வார்டில் கேட்டால் பேசக் கூடாது. உங்கள் தாள் என்னைச் சரியாகத்தான் அளந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவசரத்தில் குறித்துவிட்டேன் என்றேன்.

பேசும் நர்சையும் பேசாத நர்சையும் பிரிப்பது எது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று அடுத்து கேட்டார். யோசிக்காமல், சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்சின் சான்றிதழ் எதற்கு என்று கேட்டார்.

அங்கேதான் நான் செய்ததைப் பாருங்கள். வெள்ளைக்காரி முன்னால் ஊர் மானம் போகக் கூடாது என்று ஒரு வேகம் வந்துவிட்டது. அது பாதுகாப்புக்காக என்றேன். வீடுகளில் எலி, கரையான், ஒழுகும் கூரை, அதனால் நிர்வாகமே பொறுப்பெடுத்து பீரோவில் வைக்கிறது என்றேன். நர்சுகள் வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றேன். முதலாளி தகப்பன் மாதிரி என்றுகூடச் சொன்னேன். குளத்தூரில் மழையே கிடையாது, கூரை எங்கே ஒழுகுவது? அண்ணாச்சி, உங்களுக்காக உங்கள் வக்கீல்கூட அவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டார். பேச்சிக்காக ஒரு வாக்கியம் வராத வாயில் உங்களுக்காக அருவியாகக் கொட்டியது. ஆங்கிலத்தில். இலக்கணப் பிழைகூட இல்லாமல்.

நோரா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிப்பு எழுதச் சொன்னதையும், பேச்சி மறுத்ததையும், பிடிவாதக்காரி என்று நான் சலித்துக்கொண்டதையும். யாழினி தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுக்கு வரும் தமிழில் நிதானமாகக் கேட்டாள்.

"அத்தை சொன்னது ட்ரூவா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ சாரி யாரு சொல்லணும்?"

பள்ளிக்கூடத்தில் இவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ, எதிர்த்துப் பேசத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன். தமிழ் போய்விட்டது, மரியாதை போய்விட்டது என்று இதே பத்திரிகைக்கு முன்பு ஒரு கட்டுரையும் அனுப்பினேன், நல்லவேளை போடவில்லை. அன்றைக்கு யாழினி பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, ரசம் கேட்டாள்.

6

மறுநாள் நோராவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பாதுகாப்பு என்று நான் சொன்னது பொய், அதை அடித்துவிடுங்கள் என்று. பேச்சிக்கு நடந்ததை எழுதினேன். அவர் பதில் போட்டார். இதற்குத் தன் தாளில் கட்டம் இல்லை என்றும், எந்தக் கேள்வியைச் சேர்த்தால் இது அகப்படும் என்று யோசிப்பதாகவும். யோசிக்கட்டும். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: நீ பேசுவாயா என்று கேட்காதீர்கள், எல்லோரும் பேசுவேன் என்றுதான் சொல்வார்கள். உங்கள் வார்டில் கடைசியாகப் பேசியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலிலேயே அந்த வார்டின் மற்ற நர்சுகளின் மனமும் தெரிந்துவிடும்.

உங்கள் வார்டில் கடைசியாகப் பேசியவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்கிறேன், அண்ணாச்சி. புதியம்புத்தூரில் இருக்கிறாள். அந்த அம்மா தான் வேலை பார்க்கும் யூனிட்டிலேயே அவளுக்கும் இடம் கேட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா காலர் தைக்கிறார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் வைக்கிறாள். யாருக்காகப் பேசி வேலை போயிற்றோ அவர் வாங்கிக் கொடுத்த வேலை. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மேஸ்திரி நல்ல மனுஷன் என்கிறாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து மாத்திரைச் சீட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்கிறார்களாம். "பட்டனுக்குக் கூலி குடுக்காவ, இதுக்குக் குடுக்க மாட்டேங்காவ," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி போடப் படித்தவள். நரம்பு அகப்படாத கிழவிகளுக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்று உங்கள் ஆஸ்பத்திரி ஆட்களே சொல்கிறார்கள். அரசு வேலைக்கு இரண்டாவது அழைப்பு எந்த வாரமும் வரலாம். அன்றைக்கு அவள் கையில் அசல் இல்லையென்றால் அவள் நர்ஸ் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

போனில் உங்களிடம் பேச எனக்கு வராது. அதைத்தான் மேலே ஒப்புக்கொண்டுவிட்டேனே. அதனால் எழுதுகிறேன். இதை என் மாமனாரிடம் சொல்லித் தீர்க்கலாம் என்று ஆள் அனுப்பாதீர்கள். இனிப்புப் பெட்டியோடு ராத்திரியில் சத்தமில்லாமல் கொடுத்தனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் பேச்சி வாங்க மாட்டாள். நான் வாங்கிவிடுவேன், என்னை நம்ப முடியாது. அதனால்தான் ஊர் பார்க்கக் கேட்கிறேன். அந்த பீரோவில் இன்னும் எத்தனை பேருடைய சான்றிதழ்கள் இருக்கின்றன என்று மற்றவர்களும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி ஒன்றுதான். கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள் என்று என் தங்கச்சி அந்த அம்மாவிடம் சொன்னது பொய்யா? பொய்யென்றால் எந்தச் சொல் பொய் என்று எழுதுங்கள், அவள் மன்னிப்புக் கேட்பாள், நானும் கேட்கிறேன். பொய் இல்லையென்றால், அவளுடைய சான்றிதழ்களை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவள் கையில் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, கையெழுத்தும் போட்டுப் பதில் சொல்லுங்கள், அண்ணாச்சி.